ஓசன்னா யார் வீட்டுப் பெண்?

ஏழெட்டு வயது வரைக்கும் ஓசன்னா என்பது ஒரு பெண்ணின் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. எங்கள் ஊரில் சூசன்னா என்ற பெயரில் மட்டும் மூன்று அக்காக்கள். அந்த வரிசையில் ஓசன்னா என்று ஒருத்தி இருக்கக்கூடாதா என்ன? அதோடு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் எங்கள் கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று. முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று மூன்று ஞாயிறு அது நடக்கும்.

குருத்து ஞாயிறு, அதாவது தாவீது அரசனின் வழியில் வந்த இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததை நினைக்கிற நாள், வந்தால் எல்லார் கையிலும் ஓலை. மொத்தக் கூட்டமும் சேர்ந்து, "தாவீதின் மகனுக்கு ஓசன்னா!" என்கிறது. தாவீதின் மகனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, பெண் பெயர் ஓசன்னா, ஊரே சேர்ந்து ஓலை வாசிக்கிறது. இதில் எனக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்? என் சந்தேகம் வேறு. "ஓசன்னா யார் வீட்டுப் பொண்ணு ஆச்சி?" என்று பவனியில் நடந்துகொண்டே கேட்டேன்.

"ஏலே, அது பொண்ணு இல்லலே. ஆண்டவரப் புகழுத வார்த்தை. பேசாம ஓலையப் பிடி" என்றார் ஆச்சி. அதோடு விட்டாரா, இல்லை. அந்த வாரம் முழுக்கத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். நான் அதற்கப்புறம் கோவில் விஷயத்தில் கேள்வியே கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, 2010-இல் வந்த ஒரு சினிமாப் பாட்டில் இந்தச் சொல் ஹகரத்தோடு ஊரெல்லாம் ஒலித்தபோது, பக்கத்து மேசைக்காரர் கேட்டார்: "சார், நீங்க சர்ச்சுக்குப் போறவர்தானே, அதுக்கு என்ன அர்த்தம்?" நான் யோசிக்காமல் ஆச்சியின் பதிலையே சொன்னேன். கடவுளைப் புகழும் வார்த்தை. அவர் சரி என்று போய்விட்டார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குருத்து ஞாயிறு அன்று மட்டும் இல்லை, ஒவ்வொரு பூசையிலும் "தூயவர் தூயவர்" பாடும்போது "உன்னதங்களிலே ஓசன்னா" என்று இரண்டு முறை சொல்கிறோம். வாழ்நாளெல்லாம் சொன்ன வார்த்தைக்கு என் கையில் இருந்தது பவனியில் வாங்கிய ஒரு பதில்தான். அது பாதிக்கு மேல் தப்பு என்பது தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஓசன்னா ஒரு எபிரேயச் சொல். சரியாகச் சொன்னால் இரண்டு சொற்கள்: ஹோஷியா, நா. 118-ஆம் திருப்பாடலின் 25-ஆவது வசனத்தில் இது வருகிறது. சீர்திருத்த சபைகளின் பழைய தமிழ் பைபிளில் அந்த வசனம் "கர்த்தாவே, இரட்சியும்" என்று தொடங்கும். ஹோஷியா என்றால் காப்பாற்று. அதில் புகழ்ச்சி எதுவும் கிடையாது. மூச்சுமுட்டத் தண்ணீருக்குள் போகிறவன் போடுகிற சத்தம் அது.

மிச்சமிருக்கும் அந்தக் குட்டி "நா"தான் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது. எபிரேயத்தில் ஏவல் வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, கட்டளையைக் கெஞ்சலாக மாற்றுகிற துணுக்கு அது. இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு முழு வாக்கியம் வேண்டியிருக்கிறது. தமிழில் ஒரே அசை போதும், நமக்கு "ஏன்" இருக்கிறது. கேள்வி கேட்கிற ஏன் இல்லை, வினையின் வாலில் தொங்குகிற ஏன். "கொடு" என்பவர் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கிறவர். "கொடேன்" என்பவர் புதுக் கடன் கேட்கிறவர். வாயேன், சொல்லேன், ஒரு தடவை பாரேன். ஹோஷியா நா என்றால் காப்பாற்றேன். மரியாதை வைத்துச் சொன்னால் காப்பாற்றுமேன். ஆச்சிக்கு மூட்டு வலி கூடுகிற ராத்திரிகளில் "காப்பாத்துமேன் ஆண்டவரே" என்று முனகுவது அடுத்த அறைக்குக் கேட்கும். எபிரேயம் தெரியாமலே அவர் சொல்லிக்கொண்டிருந்தது ஓசன்னாதான்.

இந்தச் சொல் கோவிலுக்குள்ளேயே பிறந்ததும் இல்லை. பழைய ஏற்பாட்டில் இரண்டு பெண்கள் இதை அரசனைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒருத்தி தெக்கோவா ஊர்க்காரி, தாவீது அரசன் முன்னால் விழுந்து "ராஜாவே, இரட்சியும்" என்கிறாள். தன் இரண்டு மகன்களில் ஒருவன் மற்றவனைக் கொன்றுவிட்டான், மிஞ்சியவனையும் சுற்றத்தார் பழிக்குப் பழி கேட்கிறார்கள் என்று ஒரு வழக்கைச் சொல்கிறாள். (அது தாவீதின் படைத்தலைவன் யோவாபு சொல்லிக்கொடுத்த கதை என்பது வேறு விஷயம்.) இன்னொருத்தி சமாரியா நகரத்துப் பெண். முற்றுகை, பஞ்சம். மதில்மேல் நடந்துபோகிற அரசனைப் பார்த்து அவளும் அதே சொல்லால் கத்துகிறாள். அரசன் அதே வினையைத் திருப்பிப் போட்டுப் பதில் சொல்கிறான்: கடவுளே காப்பாற்றாவிட்டால் நான் எதைக் கொண்டு உன்னைக் காப்பாற்ற? கலெக்டர் காரை மறித்து மனு நீட்டுகிற சனங்களின் வார்த்தை இது. பவனிக்குப் போகும் முன்பே தெருவிலும் மதிலடியிலும் புழங்கியிருக்கிறது.

இன்னொரு விஷயம். ஹோஷியாவின் வேர்தான் யோசுவா, ஓசேயா, எசாயா ஆகிய பெயர்களுக்குள்ளும் இருக்கிறது. இயேசு என்ற பெயருக்குள்ளும் அதே வேர். யேசுவா என்றால் கடவுள் காப்பாற்றுகிறார். அப்படியானால் எருசலேம் வாசலில் அந்தக் கூட்டம், காப்பவர் என்று பெயருள்ள ஒருவரைப் பார்த்துக் காப்பாற்றேன் என்று கத்தியிருக்கிறது. எபிரேயக் காதுக்கு இது உடனே பிடிபட்டிருக்கும். நமக்கு "இயேசு", "ஓசன்னா" என்று இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன, உறவு தெரிவதில்லை.

சரி, காப்பாற்று என்பது எப்படிப் புகழ்ச்சி ஆனது? கையில் ஓலை எப்படி வந்தது? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது, யூதர்களின் கூடாரத் திருவிழாவில். எருசலேம் கோவில் இருந்த காலத்தில் அந்த விழா எப்படி நடந்தது என்று யூதச் சட்ட மரபுகளின் பழைய தொகுப்பான மிஷ்னா விவரிக்கிறது. எருசலேமுக்குக் கீழே மோட்சா என்ற இடத்தில் அலரிக் கிளைகளை (நம் வீட்டு அரளி இல்லை, ஆங்கிலத்தில் வில்லோ என்கிற ஆற்றலரி) ஒடித்துக்கொண்டு வருவார்கள். பலிபீடத்தைச் சுற்றி, நுனி பீடத்தின்மேல் சாய்கிற மாதிரி நட்டுவைப்பார்கள். தினமும் ஒருமுறை பீடத்தைச் சுற்றி வந்து "ஆண்டவரே, காப்பாற்றேன்; ஆண்டவரே, வாழவையேன்" என்ற அந்த வசனத்தைச் சொல்வார்கள். ஏழாம் நாள் ஏழு சுற்று. அந்த நாளுக்கு இன்றைக்கும் பெயர் ஹோஷானா ரப்பா, பெரிய ஓசன்னா. கையில் வைத்து ஆட்டுகிற இன்னொன்றும் உண்டு, லூலவ். "காப்பாற்றேன்" வரும் இடத்தில் அதை அசைக்க வேண்டும்.

லூலவ் என்றால் பேரீச்ச மரத்தின் இன்னும் விரியாத ஓலை. படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விரியாத ஓலைக்கு நம்மிடம் பெயர் இருக்கிறதே! குருத்து. மற்ற மொழிக்காரர்கள் பலர் இந்த நாளைப் பனை ஞாயிறு, கிளை ஞாயிறு என்று மரத்தோடு நிறுத்திக்கொள்ள, தமிழனோ மரத்தை விட்டுவிட்டுக் குருத்தைப் பிடித்திருக்கிறான். லூலவை மனதில் வைத்து யாரும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். தென்னையும் பனையும் நிற்கிற ஊரில் வெளுத்த இளசுதான் மடங்கும், பின்னவரும், கோவில் அலங்காரத்துக்கும் தோரணத்துக்கும் ஏற்கெனவே அதுதான் பழக்கம். ஆனாலும் தற்செயலாகச் சரியான இடத்தில் போய் நின்றிருக்கிறது.

தொடர்ந்து சொல்லிச் சொல்லி, அந்த விழாவில் கிளைக்கும் சொல்லுக்கும் வித்தியாசமே போய்விட்டது. மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தல்மூதில் அந்தக் கிளைக்கட்டுக்கே ஓஷானா என்று பெயர். ஓஷானாவைக் கட்டு, ஓஷானாவை எடு என்கிற அளவுக்கு. மன்றாட்டு ஒரு பொருளாகிவிட்டது. விழாவோ மகிழ்ச்சியான விழா, அறுவடை முடிந்த நேரம், கையில் பச்சைக் கிளை, சுற்றிலும் கூட்டம். அந்தச் சூழலில் வருஷா வருஷம் "காப்பாற்றேன்" என்று கத்தினால் அது எத்தனை வருஷத்துக்குக் கெஞ்சலாகவே இருக்கும்? நம் ஊரில் காவடிக்குப் பின்னால் "அரோகரா" போடுகிற கூட்டத்தில் எத்தனை பேர் அதற்குள் "ஹர" இருப்பதை நினைக்கிறார்கள்? சீட்டுக் கம்பெனியில் போட்ட பணம் கோவிந்தா என்கிறோம், யாரும் பெருமாளை நினைத்துச் சொல்வதில்லை. கோஷம் ஆகிவிட்ட சொல் அகராதியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எருசலேமில் நடந்ததை நான்கு நற்செய்தியாளர்களும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். பேரீச்ச ஓலை என்று பெயர் சொல்வது யோவான் மட்டும்தான். மத்தேயு மரக்கிளைகள் என்கிறார். மாற்கு வயல்வெளியில் வெட்டிய இலைதழை என்கிறார். லூக்காவில் கிளையும் இல்லை, ஓசன்னாவும் இல்லை! மேலாடைகளை வழியில் விரித்ததோடு சரி. ஓசன்னா வர வேண்டிய இடத்தில் "விண்ணகத்தில் அமைதி, உன்னதத்தில் மாட்சி" என்று எழுதியிருக்கிறார். கிரேக்கம் பேசுகிற வாசகனுக்கு இந்த எபிரேயச் சத்தம் புரியாது என்று விட்டுவிட்டார் போல. லூக்காவின் எழுத்தை ரசிப்பவன் நான். ஆனால் இந்த ஓர் இடத்தில் அவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. தெருச் சத்தத்தை எடுத்துவிட்டுத் திருத்தமான வாக்கியத்தை வைத்துவிட்டார்.

மத்தேயுவில் வேறொரு சிக்கல். "தாவீதின் மகனுக்கு ஓசன்னா." சிறுவயதில் எனக்குக் கல்யாண ஓலையாகக் கேட்ட அந்த "க்கு" உண்மையிலேயே வில்லங்கமானதுதான். ஓசன்னா இருக்கும் இடத்தில் காப்பாற்றேன் என்று போட்டுப் பாருங்கள்: "தாவீதின் மகனுக்குக் காப்பாற்றேன்." நிற்கவில்லை. "மகாத்மா காந்திக்கு ஜே" என்கிற மாதிரி, ஓசன்னா அதற்குள் ஒரு ஜே ஆகிவிட்டிருந்தால்தான் அந்த "க்கு" பொருந்துகிறது. மத்தேயு எழுதிய காலத்திலேயே சொல் பாதி தூரம் போய்விட்டது என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் எபிரேயத்தில் காப்பாற்று என்ற இந்த வினை, யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவருக்கு முன்னால் "க்கு" மாதிரியான ஓர் உருபைச் சில இடங்களில் எடுத்துக்கொள்கிறது. 86-ஆம் திருப்பாடலில் "உமது அடியாளின் குமாரனை இரட்சியும்" என்று வருகிற இடம் மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்த வழியில் படித்தால், கூட்டம் கத்தியது "தாவீதின் மகனைக் காப்பாற்றேன்" என்று ஆகலாம். கடவுளே, எங்களுக்குக் கிடைத்த இந்த மனிதனையாவது காப்பாற்று என்று. அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததை நினைத்தால் இந்த வாசிப்பு வயிற்றைப் பிசைகிறது. இலக்கணப்படி எது சரி என்று தீர்ப்புச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. பவனியில் நான் எதை நினைத்துச் சொல்கிறேன் என்பதை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

அரசியலையும் விட்டுவிட முடியாது. கி.மு. 141-இல் சீமோன் மக்கபே எருசலேம் கோட்டையை எதிரிகளிடமிருந்து மீட்டு உள்ளே நுழைந்தபோது, சனங்கள் பேரீச்சக் கிளைகளோடு பாடிக்கொண்டு வந்தார்கள் என்று மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது. அந்த ஞாபகம் உள்ள ஊரில், ரோமைப் படை காவல் நிற்கும்போது, கையில் ஓலையோடு "காப்பாற்றேன், தாவீதின் மகன்" என்று கத்தினால் அது வெறும் பக்தி கிடையாது. தாவீதின் மகன் என்றால் அரசன். காப்பாற்று என்றால் இவர்களிடமிருந்து காப்பாற்று.

பொருள் புரியாமல் சொல்கிறோமே என்ற தவிப்பு எனக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரிந்தபோது பெரிய நிம்மதி. கி.பி. 383 வாக்கில் போப் தமாசுவே இதைக் கேட்டிருக்கிறார். ஓசன்னா என்றால் என்ன, ஆளுக்கொன்று சொல்கிறார்களே என்று எரோணிமுவுக்கு எழுதினார். போப்புக்கே தெரியவில்லை என்றால் எங்கள் ஆச்சியை நான் என்ன சொல்வது? பைபிளை லத்தீனுக்குக் கொண்டுவந்த எரோணிமு அப்போது ரோமில்தான் இருந்தார். அவருக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டு. ஓசன்னா என்றால் தாவீது வீட்டின் மீட்பு என்று பெரிய ஆசிரியரான இலாரி எழுதிவைத்திருந்ததைத் தப்பு என்று நேராகவே சொல்லிவிட்டு, எல்லாரும் ஓடையைப் பார்க்கிறீர்கள், ஊற்றுக்குப் போங்கள் என்கிற தோரணையில் 118-ஆம் திருப்பாடலுக்கு அழைத்துப் போகிறார். ஹோஷியா நா எப்படி ஓசன்னாவாகச் சுருங்கியது என்பதற்கு அவர் சொல்லும் விளக்கம் நமக்குப் பழக்கமானது: செய்யுளில் இரண்டு உயிர் சந்திக்கும்போது ஒன்று விழுகிற மாதிரி. நன்னூல் படித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

அவர் காலத்துக்காரரான அகுஸ்தீன் வேறு வழியில் போனார். ஓசன்னா ஒரு வியப்புச் சொல், மகிழ்ச்சியில் தானாக வருவது, அதை மொழிபெயர்க்க முடியாது, அதனால்தான் அப்படியே விட்டார்கள் என்றார். எபிரேயம் தெரியாதவர் சொன்னது என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐயோ என்பதை மொழிபெயர்த்தால் ஐயோ போய்விடும். தமிழில் பைபிளைக் கொண்டுவந்தவர்களும் ஆமென், அல்லேலூயா மாதிரி இதையும் தொடாமல் விட்டார்கள். ஹகரத்தையும் ஷகரத்தையும் விட்டு, லத்தீன் காரர்கள் சொல்வதற்கு நெருக்கமாக ஓசன்னா என்று ஆக்கிக்கொண்டோம். நல்லதுதான் செய்தார்கள் என்பேன். ஞாயிறு மறைக்கல்வியில் ஒரு வரி விளக்கம் சொல்லியிருந்தால் எனக்கு அந்த அவமானம் வந்திருக்காது, அவ்வளவுதான்.

கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் இந்த நாளையே ஓசானா ஞாயிறு என்கிறார்கள். அதற்கு முந்தின நாள் கொழுக்கட்டை சனி, வீட்டுக்கு வீடு கொழுக்கட்டை. ஓசானா ஓலையைப் பத்திரப்படுத்தி, பெரிய வியாழன் இரவு பெசகா அப்பத்தின் மேல் சிலுவையாக வைப்பார்கள். அரபு பேசும் கிறிஸ்தவர்கள் ஷஆனீன் ஞாயிறு என்கிறார்கள், அதற்குள்ளும் ஓசன்னா ஒளிந்திருக்கிறது. எத்தியோப்பியாவில் ஹோசானா என்று ஓர் ஊரே உண்டு. போலந்திலும் ரஷ்யாவிலும் பனைக்கு எங்கே போவது? அலரிக் கிளையைப் பிடிக்கிறார்கள். ரஷ்யர்கள் பெயரையே அலரி ஞாயிறு என்று வைத்துக்கொண்டார்கள். குளிரில் வேறு மரம் தழைக்காததால் வந்த பழக்கம், சுற்றிச் சுற்றி மோட்சாவில் ஒடித்த அந்த அலரிக்கே திரும்பிப் போய்விட்டது!

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பெயினின் எல்சே. பேரீச்சந்தோப்புக்குப் பேர்போன ஊர், அந்தத் தோப்பு 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. குருத்து ஞாயிறுக்காக அங்கே மரத்தின் உச்சியில் இளம் ஓலைகளைச் சேர்த்துக் கட்டி மூடிவிடுவார்கள், வெயில் படாமல் வெள்ளையாக வளரட்டும் என்று. அந்த வெள்ளை ஓலையைத்தான் பின்னிப் பின்னிக் கோபுரம் மாதிரி செய்கிறார்கள். பச்சை ஓலை அவர்களுக்கும் பிடிக்கவில்லை பாருங்கள், குருத்துதான் வேண்டியிருக்கிறது.

பவனியைப் பற்றிய பழைய சாட்சியங்களில் முக்கியமானது ஒரு பெண் எழுதியது. எஜேரியா என்பவர், நான்காம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து எருசலேமுக்கு யாத்திரை வந்தவர். அவருடைய குறிப்பு 1884-இல் இத்தாலியின் அரெசோ நகரத்தில் ஒரு பழைய ஏட்டில் கிடைத்தது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஒலிவ மலையிலிருந்து எல்லாரும் இறங்கி வருவார்களாம். பிள்ளைகள் கையில் பேரீச்ச ஓலையோ ஒலிவக் கிளையோ. நடக்க முடியாத சின்னதுகளைப் பெற்றோர் தோளில் தூக்கி வருவார்கள் என்று எழுதியிருக்கிறார். கூட்டம் மெதுவாகத்தான் நகரும், சனங்கள் களைத்துவிடக்கூடாதே என்று. இந்தக் கடைசி விவரத்துக்காகவே எஜேரியாவை எனக்குப் பிடிக்கும்.

பிள்ளைகள் கையில் ஓலை கிடைத்தால் என்ன ஆகும் என்பதும் புதிதில்லை. கூடாரத் திருவிழா முடிந்ததுமே பிள்ளைகள் லூலவை விட்டெறிந்துவிட்டு, கூட வைத்திருந்த எத்ரோக் பழத்தைத் தின்ன ஆரம்பித்துவிடுவார்கள் என்று மிஷ்னாவில் ஒரு வரி இருக்கிறது. எங்கள் ஊரில் பனங்குருத்து. பிரசங்கம் முடிவதற்குள் பாதி ஓலை காற்றாடியாகவும் கைக்கடிகாரமாகவும் மாறியிருக்கும். சிலுவை பின்னத் தெரிந்தவனுக்கு அன்றைக்கு மரியாதை. சென்னையில் இப்போது எங்களுக்குத் தென்னங்குருத்து தருகிறார்கள். அது மடக்கினால் பனைபோல நிற்காது, ஆனாலும் பரவாயில்லை.

பூசை முடிந்து கொண்டுவந்த ஓலை வருஷம் முழுக்க இயேசு படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். பழுப்பாகி, நுனி சுருண்டு, பல்லி பின்னால் போய் ஒளியும். அடுத்த தவக்காலத்துக்கு முன் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவரச் சொல்லிக் கோவிலில் அறிவிப்பார்கள். அதை எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதன் அன்று நெற்றிக்கு. யூத வீடுகளிலும் இப்படி ஒரு பழக்கம் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஓஷானாக் கிளையையும் லூலவையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, பாஸ்காவுக்கு முன்னால் வீட்டில் மிச்சமிருக்கும் புளித்த மாவுப் பண்டங்களை எரிக்கும்போது அந்தத் தீயில் போடுவார்களாம்.

இந்த வருஷம் எங்கள் வீட்டிலிருந்து மூன்று ஓலை கொடுத்தோம். போன வருஷம் வாங்கியது நான்கு. நான்காவதை என் பையன் வெட்டுக்கிளியாகச் செய்து மேசை விளக்கில் தொங்கவிட்டிருக்கிறான். கழற்றப் போனேன். "அது மட்டும் வேண்டாம்ப்பா, விட்டுடேன்" என்றான்.

விட்டுவிட்டேன்.